அம்மாவின் மறதி வருத்தமும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் காசும்

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியைச் சொந்த ஊராகக் கொண்டு லண்டனில் இருக்கும் தம்பி ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. அல்சைமர் என்ற மறதி நோய் என்று டொக்டர் சொல்லி மூன்று வருசம் ஆகிறது. ஊரில் அக்காதான் வைத்துப் பார்க்கிறா. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து, அப்பாவின் ஆண்டுத் திவசத்தை ஒட்டி, வருசத்துக்கு ஐயாயிரம் பவுண் அல்சைமர் ஆராய்ச்சிக்குக் கொடுக்க யோசிக்கிறார்கள். எங்கே கொடுத்தால் உண்மையாகப் பயன்படும், இல்லையென்றால் இது கடலில் கரைத்த பெருங்காயமா என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்குள் அவர் எழுதாமல் விட்ட இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்தக் காசால் அம்மாவுக்கு ஏதாவது ஆகுமா? இந்த இரண்டாவதைப் பேசாமல் முதலாவதுக்குப் பதில் சொன்னால் அது சரியான பதிலாக இராது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் நெடுங்காலம் வேலை செய்த பொது மருத்துவன். மூளை ஆராய்ச்சி என் தொழில் இல்லை. ஆனால் மனிதர்கள் பங்குபெறும் ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் ஒழுக்கநெறிக் குழு ஒன்றில் சில காலம் இருந்தேன். ஆய்வு விண்ணப்பங்களையும் அவற்றின் செலவுக் கணக்குகளையும் வரி வரியாக வாசிக்கும் பழக்கம் அங்கே வந்தது. நோயைப் பற்றியும் ஆய்வுக் காசு எப்படிச் செலவாகிறது என்பதைப் பற்றியும் அந்த அனுபவத்தில் நின்று சொல்கிறேன். பிரித்தானிய வரி விசயத்தை மட்டும் உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி, இன்று கொடுக்கும் ஆராய்ச்சிக் காசு உங்கள் அம்மாவைக் குணமாக்காது. இதை நான் தயக்கமில்லாமல் சொல்லலாம். இப்போது உள்ள மருந்துகளில் டொனெபெசில் 1996இலும் மெமன்டின் 2003இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. சிலருக்குச் சில காலம் அன்றாட வேலைகளில் கொஞ்சம் தெளிவு தரும், அவ்வளவுதான். அதன் பிறகு ஏறத்தாழ இருபது வருசம் புதிதாக எதுவும் வரவில்லை. 2002 முதல் 2012 வரை சோதிக்கப்பட்ட அல்சைமர் மருந்துகளைக் கணக்கெடுத்தபோது நூற்றுக்கு 99.6 தோற்றிருந்தன. புற்றுநோய் மருந்துகளில்கூட இவ்வளவு மோசமான கணக்கு இல்லை. பிறகு 2023இல் லெகானமாப், 2024இல் டொனானமாப் என்று இரண்டு மருந்துகள் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. மூளையில் படியும் அமிலோயிட் என்ற புரதத்தை இவை உண்மையாகவே கரைத்து எடுக்கின்றன. லெகானமாப் சோதனையில் 1,795 பேர் இருந்தார்கள். பதினெட்டு மாத முடிவில், மருந்து பெற்றவர்களின் சரிவு போலி மருந்து பெற்ற மற்றவர்களைவிட 27 சதவீதம் மெதுவாக இருந்தது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் பதினெட்டுப் புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் அரைப் புள்ளிகூட இல்லை, 0.45. இரண்டு பக்கத்தாரும் சரிந்துகொண்டுதான் போனார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் மெதுவாகப் போனது.

அந்த 0.45ஐ ஒரு குடும்பம் உணருமா உணராதா என்பதில் வைத்தியர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். சரிவு மெதுவாகிறது என்பது நிச்சயம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியும் அளவுக்கு மெதுவாகிறதா என்பது இன்னும் தீராத வழக்கு. மருந்து வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 26,500 டொலர். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்ற வேண்டும். மூளை வீக்கமோ இரத்தக்கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். நோயின் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கலாம். உங்கள் அம்மா அக்காவைத் தன் தாய் என்று நினைத்துக் கதைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் இந்த மருந்துக்கு இடமில்லை. லண்டனுக்குக் கூட்டிப்போனால் கிடைக்குமா என்று யோசித்திருந்தால், அந்த யோசனையை விட்டுவிடுங்கள். பயணமும் அறியாத வீடும் அவவை இன்னும் குழப்பும்.

ஆனால் அம்மாவுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று இதற்கு அர்த்தம் எடுக்கவேண்டாம். ஆராய்ச்சிக்குக் காசு எடுத்து வைக்கும் முன்னர் அக்காவிடம் கேளுங்கள்: விற்றமின் பி12, தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்தார்களா? காது கேட்கிறதா, கண்ணில் வெண்புரை இருக்கிறதா? மனச்சோர்வு உண்டா என்று யாராவது பார்த்தார்களா? விழுந்து தலையில் அடிபட்டதுண்டா? இவற்றில் சில மறதியைப் போலவே தோன்றும், சில இருக்கும் மறதியைக் கூட்டும். எங்கள் பக்கத்தில் "வயது போச்சு, அறளை பெயர்ந்திட்டுது" என்று சொல்லி விட்டுவிடும் வழக்கம் இருப்பதால், திருத்தக்கூடியவை திருத்தப்படாமலே போய்விடுகின்றன.

இனி ஆராய்ச்சி. இவ்வளவு காலமும் போன காசு என்ன வாங்கித் தந்தது என்று தெரிந்தால்தான் உங்கள் காசை எங்கே வைப்பது என்று தெரியும். ஜெர்மனியில் அலோயிஸ் அல்சைமர் 1901இல் அகுஸ்ட டெட்டர் என்ற பெண்ணைப் பார்த்து, அவர் இறந்தபின் மூளையைச் சோதித்து, 1906இல் தான் கண்டதை ஒரு கூட்டத்தில் சொன்னார். அதன் பிறகு எழுபது வருசம் கிட்டத்தட்டத் தூக்கம்தான். ஐம்பது வயதில் வந்தால் அது அபூர்வ நோய், எழுபத்தைந்தில் வந்தால் அது முதுமை, இப்படித்தான் வைத்தியர்களும் நினைத்தார்கள். முதுமைக்கு யார் ஆராய்ச்சிப் பணம் கொடுப்பார்கள்? 1976இல் ரொபர்ட் கட்ஸ்மன் என்ற நரம்பியல் மருத்துவர், இரண்டும் ஒரே நோய், இது பெருங்கொலையாளி என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதற்கு இரண்டு வருசம் முன்னர்தான் அமெரிக்காவில் முதுமைக்கென்று தேசிய நிறுவனம் ஒன்று அமைந்திருந்தது. அந்த நிறுவனத்தின் பணமும், 1980ஐ ஒட்டி அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நோயாளரின் குடும்பங்கள் கட்டிய சங்கங்களும்தான் துறையைத் தூக்கி நிறுத்தின. 1984இல் அமிலோயிட் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1991இல் லண்டனில் ஜோன் ஹார்டியின் குழு, ஒரு குடும்பத்தில் தலைமுறையாக வந்த அல்சைமருக்குக் காரணமான மாற்றத்தை, அமிலோயிட்டைத் தரும் மரபணுவில் கண்டுபிடித்தது. அது நடந்ததற்குக் காரணம் நொட்டிங்ஹாமைச் சேர்ந்த கரோல் ஜென்னிங்ஸ் என்ற பெண்மணி. தன் அப்பாவுக்கும் அவருடைய சகோதர சகோதரிகள் சிலருக்கும் இந்த நோய், தங்கள் குடும்பத்தை ஆராயலாம் என்று 1980களில் ஆராய்ச்சியாளருக்கு எழுதினார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய லெகானமாப். 1984இலிருந்து 2023 வரை எண்ணிப் பாருங்கள். அடிப்படைக் கண்டுபிடிப்பு மருந்தாக மாற ஏறத்தாழ நாற்பது வருசம்.

இந்த நாற்பது வருசத்தில் வீண்போன காசும் உண்டு. 2006இல் நேச்சர் இதழில் வந்து மிகப் பலர் மேற்கோள் காட்டிய ஒரு கட்டுரை, அதிலிருந்த படங்கள் முறைகேடாக மாற்றப்பட்டவை என்று தெரிந்ததால் 2024இல் மீளப்பெறப்பட்டது. அடுகானுமாப் என்ற மருந்து 2021இல் நிபுணர் குழுவின் எதிர்ப்பையும் மீறி அனுமதி பெற்றது, 2024இல் நிறுவனமே கைவிட்டது. இதையெல்லாம் வாசித்துவிட்டு அமிலோயிட் ஆராய்ச்சி முழுக்கவே பொய் என்று சமூக வலைத்தளங்களில் எழுதுகிறார்கள். அது தவறு. அமிலோயிட்டுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு அந்த ஒரு கட்டுரையில் தொங்கவில்லை. கரோல் ஜென்னிங்ஸின் குடும்பம் போன்ற குடும்பங்களின் மரபணுவில் அது இருக்கிறது. ஆனால் ஒரே கருத்தின் பின்னால் பெரும்பங்கு பணம் ஓடியதால் அழற்சி, இரத்தக்குழாய், தொற்று என்று மற்றப் பாதைகளில் உழைத்தவர்கள் நெடுங்காலம் கைக்காசு இல்லாமல் நின்றார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

இன்று பணம் எங்கிருந்து வருகிறது? மருந்துக் கம்பனிகள் ஒரு மருந்தின் இறுதிக் கட்டச் சோதனைக்கு மட்டும் கோடிக்கணக்கான டொலர் போடுவார்கள். விற்கக்கூடிய மருந்து இருந்தால் அந்தக் காசு யாரும் கேளாமலே வரும். அரசுகளில் அமெரிக்கா முதலிடம். அங்கே தேசிய சுகாதார நிறுவனங்கள் அல்சைமருக்கும் அது போன்ற நோய்களுக்கும் 2011இல் செலவிட்டது ஏறத்தாழ 45 கோடி டொலர், இப்போது ஆண்டுக்கு 350 கோடிக்கு மேல். 2013 டிசம்பரில் லண்டனில் ஜி-8 நாடுகள் கூடி, 2025க்குள் நோயின் போக்கை மாற்றும் சிகிச்சை வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். பொதுமக்களின் நன்கொடையில் நடக்கும் சங்கங்களின் தொகை இவற்றோடு பார்த்தால் சிறிது. ஆனால் அந்தச் சிறிய காசுக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் புதிதாக ஒன்றை யோசிக்கிறார். அரசிடம் போனால் "முதல் ஆதாரம் எங்கே?" என்பார்கள். அந்த முதல் ஆதாரத்தைத் தேட ஒரு வருசச் செலவைச் சங்கங்கள் கொடுக்கின்றன. அதைக் காட்டித்தான் அவர் பெரிய பணத்துக்கு விண்ணப்பிப்பார். ஆகவே உங்கள் ஐயாயிரம் பெருங்காயமாகக் கரைந்துபோகாது, ஆனால் எந்தக் கேள்விக்குப் போகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

இங்கேதான் என் கருத்தைத் திறந்து சொல்ல வேண்டும். உங்கள் காசை வேறு யாரும் காசு போடாத கேள்விகளில் போடுங்கள். அப்படிப்பட்ட கேள்விகள் பெரும்பாலும் எங்களைப் போன்ற ஊர்களில்தான் கிடக்கின்றன. உலகத்தில் அல்சைமரும் அது போன்றவையும் சேர்ந்த மறதி நோயோடு (டிமென்ஷியா) வாழ்பவர்கள் 5.5 கோடிக்கு மேல் என்றும், அவர்களில் அறுபது சதவீதத்துக்கு மேற்பட்டோர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆராய்ச்சியோ நேர்மாறான திசையில். 1998இல் மார்ட்டின் பிரின்ஸ் என்பவரும் நண்பர்களும் தங்கள் குழுவுக்கு 10/66 என்றே பெயர் வைத்தார்கள். நோயாளரில் 66 சதவீதம் வளரும் நாடுகளில், அவர்களைப் பற்றிய ஆய்வு பத்துச் சதவீதத்துக்கும் குறைவு என்பதுதான் அந்தப் பெயர். அந்தக் குழு சென்னையிலும் வேலூர்ப் பக்கக் கிராமங்களிலும் வேலை செய்தது. எங்கள் நாட்டில் ராகமவில் செய்த கணக்கெடுப்பு 2003இல் வெளிவந்தது. அறுபத்தைந்து தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு இந்த நோய் என்று கண்டது. அது கொழும்புக்குப் பக்கத்து ஊர், சிங்கள மொழியில் செய்த சோதனை. அந்த எண்ணை எடுத்து மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அது ஊகம்தான்.

ஏன் ஊகம் என்கிறேன் என்றால், நினைவைச் சோதிக்கும் வினாத்தாளே எங்கள் கிழவிகளுக்குப் பொருந்தாது. உலகெங்கும் பயன்படும் பழைய சோதனை ஒன்றில் "இப்போது என்ன பருவம்?", "எத்தனையாவது மாடியில் இருக்கிறோம்?" என்று கேட்பார்கள். வாக்கியம் ஒன்று எழுதச் சொல்வார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலிலும் சேனையிலும் வளர்ந்து, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு ஆச்சி இதில் எல்லாவற்றிலும் விழுவா. ஆனால் அதே ஆச்சி எந்த வட்டைக்கு எப்போது தண்ணீர் விடுவது, கண்ணகி அம்மன் சடங்குக்கு எந்தக் குடி என்ன கொண்டுபோவது என்று பிழையில்லாமல் சொல்லுவா. அவவுக்கு நோய் இருக்கிறதா இல்லையா? சரியான சோதனை இல்லாமல் சொல்ல முடியாது. படிப்புக் குறைந்தவர்களுக்காக 10/66 குழு வேறு முறை கண்டது. அதை எங்கள் பேச்சுக்கும் எங்கள் வாழ்க்கைக்கும் பொருத்திச் சரிபார்ப்பது ஒரு ஆராய்ச்சி. செலவு குறைவு. அதில் கம்பனிக்கு லாபம் எதுவும் இல்லாததால் கம்பனி செய்யாது.

இரத்தத்தில் பார்க்கும் புதிய பரிசோதனையும் இப்படித்தான். மூளைப் புரதங்களை இரத்தத்திலேயே அளக்கும் முறை ஒன்றுக்கு அமெரிக்கா 2025 மே மாதம் அனுமதி கொடுத்தது. மூளையில் படிந்த புரதத்தைப் படமாகக் காட்டும் பெட் ஸ்கேன் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தில் இந்தப் புரதம் நோய் இல்லாமலே உயர்ந்து காணப்படும். எங்கள் பக்கத்தில் சீனி வருத்தத்தாலும் பிரஷராலும் சிறுநீரகம் கெட்டவர்கள் எத்தனை பேர்! அம்பாறையில் தெஹியத்தகண்டிப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயும் இருக்கிறது. வெள்ளைக்காரரில் வைத்த அளவுகோலை இங்கே அப்படியே வைத்தால் நோய் இல்லாதவரை நோயாளி என்று சொல்லிவிடுவோம். எங்கள் மக்களின் அளவை எங்கள் மக்களில்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இன்னொன்று. ஜப்பானில் இவனுமா என்ற கடற்கரை ஊர். 2010 ஓகஸ்டில் அங்குள்ள முதியவர்களிடம் ஒரு கருத்தாய்வு நடத்தி, யார் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதி வைத்தார்கள். ஏழு மாதம் கழித்து, 2011 மார்ச்சில், சுனாமி வந்தது. உயிர் தப்பிய 3,500க்கு மேற்பட்டவர்களை 2013இல் தேடிப்போய்ப் பார்த்தபோது, வீடு அழிந்தவர்களின் நினைவும் அறிவும் மற்றவர்களைவிட அதிகம் சரிந்திருந்தன. உறவினர், நண்பர் இறந்ததோடு அப்படி ஒரு தொடர்பு காணவில்லை. துக்கத்தைவிட இடம்பெயர்ந்து அயலை இழப்பதுதான் மூளையை அதிகமாகத் தாக்குகிறதோ என்று யோசிக்க வைக்கும் முடிவு. இதை வாசித்தபோது எனக்கு மட்டக்களப்பின் கடலோர ஊரான நவலடி நினைவு வந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நவலடிச் சனம் திராய்மடுவுக்குப் போனது. கல்லடி, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, திருக்கோவில் எல்லாம் அடிபட்டன. அதற்கு முன்னரும் பின்னரும் யுத்தம், ஒருமுறைக்குப் பலமுறை இடப்பெயர்வு. அமெரிக்கப் படைவீரர்களில் யுத்த அதிர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு என்று 2010இல் வந்த ஆய்வு சொன்னது. அப்போது நாற்பது ஐம்பது வயதில் இருந்த எங்கள் தாய்மார் இப்போது அறுபது எழுபதைத் தாண்டுகிறார்கள். இதற்கும் அவர்களுக்கு வரும் மறதிக்கும் தொடர்பு உண்டா? உண்டு என்று கிளினிக்கில் எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் அது தோற்றம் மட்டும். சான்றாகச் சொல்ல மாட்டேன். இவனுமாவில் பதில் கிடைத்தது, அலை வரும் முன்னரே முதியவர்களை எழுதி வைத்திருந்ததால்.

வேல்ஸ் நாட்டுக் கதையும் அதே மாதிரி. அங்கே அக்கி நோய்க்கான தடுப்பூசியை 2013 செப்டெம்பர் 1இல் தொடங்கியபோது, 1933 செப்டெம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்கு இல்லை, பின் பிறந்தவர்களுக்கு உண்டு என்று ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளவர்களின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டபோது, ஊசி போட்டவர்களுக்கு ஏழு வருசத்தில் மறதி நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று 2025இல் வெளிவந்த ஆய்வு கண்டது. ஊசிதான் காரணமா என்பதை முறையான சோதனை ஒன்றுதான் முடிவாகச் சொல்லும். ஆனால் ஒரு புதிய மருந்தும் கண்டுபிடிக்காமல், இருந்த பதிவுகளை வைத்தே இவ்வளவு தூரம் போனார்கள். எங்கள் நோயாளரின் வரலாறோ அவர்கள் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவரும் கிளினிக் கொப்பியில் இருக்கிறது. கொப்பி நனைந்தால் இருபது வருசப் பிரஷர் கணக்கும் போச்சு.

பராமரிப்பைப் பற்றிய ஆய்வும் காசு வராத பக்கம்தான். கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு, தாய் மகளோடு அதே வளவில். அதனால் மறதி வருத்தத்தின் முழுப் பாரமும் ஒரு மகளின் தலையில் இறங்குகிறது. அந்த மகள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருந்தால் பேரப்பிள்ளையின் தலையில். உலக அளவில் இந்த நோயின் செலவில் ஏறத்தாழ பாதி, சம்பளமில்லாமல் குடும்பத்தார் செய்யும் பராமரிப்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கோவாவில் 2008இல் வெளியான ஒரு சோதனையில், மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்க்காரருக்குப் பயிற்சி கொடுத்து, 81 குடும்பங்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு வீடு தேடிப்போய் ஆலோசனை சொல்ல வைத்தார்கள். பராமரிப்பவர்களின் மனநிலை தெளிவாகத் தேறியது. நோயாளியின் நினைவு திரும்பவில்லை, திரும்பும் என்று அவர்களும் சொல்லவில்லை. உங்கள் அக்காவுக்கு ஆராய்ச்சி தரக்கூடிய உதவி இது. சுனாமிக்குப் பிறகு மனநல சேவைக்காக ஊருக்குள் இறங்கி வேலை செய்து பழகிய மாவட்டம் இது. அந்தச் சோதனையை இங்கே செய்து பார்ப்பது ஆகாத காரியமில்லை.

தடுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. உலகின் மறதி நோயில் 45 சதவீதம் வரை பதினான்கு காரணங்களோடு சேர்ந்தது, அவை மாற்றக்கூடியவை என்று லான்செட் ஆணைக்குழு 2024இல் சொன்னது. பிரஷர், சீனி வருத்தம், காது கேளாமை, கண் பார்வை, தனிமை, சிறுவயதுப் படிப்பு, புகை எல்லாம் அதில் அடக்கம். இந்த எண்ணைக் கவனமாகக் கையாளுங்கள். ஒவ்வொரு காரணமும் நோயை உண்டாக்குகிறது என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. பிரஷர் விசயத்தில் சான்று பலமாக இருக்கிறது. காதுக் கருவி விசயத்தில் 2023இல் வந்த பெரிய சோதனை மொத்தத்தில் பலன் காட்டவில்லை, ஆபத்துக் கூடியவர்களில் மட்டும் காட்டியது. உங்கள் மூவருக்கும் பிரஷர் எவ்வளவு என்று இந்த வாரமே பாருங்கள்.

இனிக் காசு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அக்காவுக்குக் கிழமையில் இரண்டு நாளாவது ஓய்வு கிடைக்க ஒரு உதவியாளின் சம்பளத்தைத் தனியாக ஒதுக்குவேன். அதை ஆராய்ச்சிக் காசில் கழிக்கவேண்டாம், அது வேறு கடமை. ஐயாயிரத்தைப் பிறகு இரண்டாகப் பிரிப்பேன். ஒரு பாதி பிரித்தானியாவின் அல்சைமர் சங்கங்களில் ஒன்றுக்கு. அங்கே வரி கட்டுபவர் கொடுத்தால் கிஃப்ட் எய்ட் திட்டத்தில் ஒவ்வொரு பவுணுக்கும் இருபத்தைந்து பென்ஸ் அரசு சேர்க்கிறது. அல்சைமர்ஸ் ரிசர்ச் யூகே பெரும்பாலும் நோயின் உயிரியலிலும் மருந்திலும் நிற்கிறது. அல்சைமர்ஸ் சொசைட்டி பராமரிப்பு ஆய்வுகளுக்கும் கொடுக்கிறது, எந்த ஆய்வுக்குக் கொடுப்பது என்று பார்ப்பதில் நோயாளரின் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொள்கிறது. என் மனம் இரண்டாவதன் பக்கம். கொடுக்கும்போது "பராமரிப்பு ஆய்வுக்கு" என்று குறித்துக் கொடுக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

மற்றப் பாதி இங்கே. இலங்கை ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் தேசிய விஞ்ஞான மன்றமும் அந்தச் சின்னப் பானையிலிருந்துதான் எல்லோருக்கும் பரிமாற வேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூறு பவுண் இங்கே ஏறத்தாழப் பத்து லட்சம் ரூபாய். ஒரு ஆய்வு உதவியாளர் பல மாதம் வீடு வீடாகப் போய்வரும் சம்பளமும் ஓட்டோக் காசும் அதில் அடங்கும். மருத்துவ மாணவர்கள் படிப்பின் பகுதியாகச் செய்யும் சிறு ஆய்வுகளுக்குக் கைக்காசு போடுவதையும் பார்த்திருக்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்துக்கு எழுதி, முதியோரின் நினைவாற்றல் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் விரிவுரையாளர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால், ஆய்வுத் திட்டத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா, காசு பல்கலைக்கழகக் கணக்குக்குப் போகிறதா, முடிவு என்னவானாலும் வெளியிடுவதாக எழுதித் தருவார்களா, சேர்த்த தரவு ஆய்வு முடிந்த பின் எங்கே இருக்கும் என்ற நான்கையும் கேளுங்கள். தனிப்பட்ட ஆளின் வங்கிக் கணக்குக்கு ஒரு சதமும் அனுப்பவேண்டாம். ஸ்டெம் செல், மூலிகைத் தூள் என்று குணமாக்குவதாகச் சொல்லி ஆய்வுக்குக் காசு கேட்பவர்களிடம் கதையே வைக்கவேண்டாம். இங்கே ஆள் கிடைக்காவிட்டால், கொழும்பு மருதானையில் இருக்கும் லங்கா அல்சைமர் ஃபவுண்டேஷனோடு கதைத்துப் பாருங்கள். அவர்கள் ஆராய்ச்சி நிலையம் இல்லை, ஆனால் நோயாளருக்கும் குடும்பத்துக்கும் சேவை செய்து பழகியவர்கள்.

ஒரு வருசக் காசால் பெரிதாக எதுவும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதியவர்களை எழுதிவைத்து வருசா வருசம் போய்ப் பார்ப்பதுதான் எங்களுக்குத் தேவையான வேலை. அதற்குப் பெரிய தொகையைவிட நிற்காத தொகை வேண்டும். களுவாஞ்சிகுடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருப்பவர்கள் ஊர்ச் சங்கங்கள் வைத்திருக்கிறீர்கள். கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் வருசந்தோறும் சேர்க்கிறீர்கள். அதே ஒழுங்கில் பத்துக் குடும்பம் ஐந்து வருசம் நின்றால் ஒரு பிரதேச செயலகப் பிரிவின் முதியவர்களைக் கணக்கெடுத்துத் தொடர முடியும் என்பது என் மதிப்பீடு.

காசில்லாமல் கொடுக்கக்கூடியதும் ஒன்று உண்டு. பிரித்தானிய மறதி நோய் ஆய்வுகளில் தெற்காசியர் மிகக் குறைவு. ஜொய்ன் டிமென்ஷியா ரிசர்ச் என்ற பதிவேட்டில் நோய் இல்லாதவர்களும் பெயர் கொடுக்கலாம். நீங்களும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்தால், எங்களைப் போன்றவர்களின் இரத்தமும் நினைவும் எப்படி என்று அங்கேயும் ஒரு கணக்கு ஏறும். கரோல் ஜென்னிங்ஸ் கொடுத்தது காசில்லை, தன் குடும்பத்தைத்தான்.

பீடத்திலிருந்து திட்டம் ஏதாவது வந்தால் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். செலவுக் கணக்கும் ஆய்வு முறையும் சரியா என்று வாசித்துச் சொல்கிறேன். அக்காவிடம் அந்த இரத்தப் பரிசோதனை விசயத்தை மட்டும் இன்றைக்கே கேளுங்கள்.